சிடிக்கு வைத்த பொட்டு

"...பின்ன என்னா தம்பி, பளபளன்னு இருக்கிற பக்கம்தானே அதுக்கு மொகம்? மொகத்துலதானே பொட்டு வைப்பாங்க? முதுகுலயா வைப்பாங்க?"

பாக்கியம் அக்கா இப்படிக் கேட்டபோது அந்த சிடி என் கையில் இருந்தது. சாமி மேடையிலிருந்து எடுத்து வந்த ஏதோ தகடு என்றுதான் முதலில் நினைத்தேன். பளபளப்பான பக்கம் ஏறக்குறைய முழுக்கச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். அது காய்ந்து, அதன் மேல் மறுபடியும் சந்தனம், மறுபடியும் குங்குமம். நடுவில் இருக்கும் ஓட்டையைச் சுற்றி மாலை போட்டதுபோல அழகாகத்தான் வைத்திருந்தார். குறை சொல்ல முடியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எந்த மென்பொருள், எந்த வேகம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் இன்று பழைய சிடியில் இருப்பதைப் பென்டிரைவுக்கும் கைப்பேசிக்கும் மாற்றிக் கொடுக்கிறீர்கள். நான் அன்று கேசட்டில் இருப்பதை சிடிக்கு மாற்றிக் கொடுத்தேன். சாமான்தான் மாறியிருக்கிறது. அதைக் கொண்டுவருகிற ஆட்கள் மாறவில்லை. அதனால் ஆட்களைப் பற்றியே எழுதுகிறேன்.

எனக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சிடி எழுதும் கருவி, ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை. பிள்ளைகளின் பள்ளி வேலைக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் நான் உட்கார ஆரம்பித்தேன். பிறகு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று அவரவர் வீட்டில் எடுத்ததை அவரவருக்கே காப்பி போட்டுக் கொடுப்பேன். கடையில் விற்கும் பட சிடியைக் கொண்டுவந்து, "ஒன்னே ஒன்னு போட்டுக் குடு மச்சான், ஒன் கம்ப்யூட்டருக்கு என்னா தெரியவா போவுது?" என்று கேட்பவர்களும் உண்டு. "கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

கருவியை ஈப்போ டவுனில் ஒரு சீனத் தவுக்கேயிடம் வாங்கினேன். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. தவுக்கே என்றால் முதலாளி. எல்லோரும் அப்படியே கூப்பிட்டோம். பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது, "பெலான்-பெலான்லா, அண்ணே" என்றார். மலாயில் மெதுவாக, நிதானமாக என்று அர்த்தம். வேகமாக எழுதினால் சிடி கெடும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் குவே தியாவ் நூடுல்ஸ் சாப்பிடும்போதும் அதைத்தான் சொல்கிறார், போலீஸ்காரர் அபராதச் சம்மன் எழுதும்போதும் அதைத்தான் சொல்கிறார்.

இன்னொரு பாடம் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாக் கடை வைத்திருந்த அனிபா அண்ணனிடமிருந்து வந்தது. அவர் மகள் நிக்காஹ் படத்தை சிடியில் ஏற்றிவிட்டு நான் வெளியே போயிருந்தேன். அவர் போன் செய்திருக்கிறார். என் மனைவி சரசு எடுத்து, "ஒங்க நிக்காஹ் சிடிய அவரு காலையிலேயே எரிச்சிட்டாருண்ணே" என்று சொல்லிவிட்டாள். நாங்கள் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்வோம். மலாய்க்காரர்கள் சிடியை 'பக்கார்' செய்வது என்பார்கள், அதை அப்படியே தமிழாக்கி 'எரிக்கிறது' என்று வாயில் வந்துவிட்டது. அனிபா அண்ணன் இடுப்பில் கட்டிய துண்டோடு, கையில் மாவோடு வந்து நின்றார்.

"ஏம்மா எரிச்சீங்க? காசு குடுக்க மாட்டேன்னு சொன்னேனா? எம் பொண்ணு என்னா பாவம் செஞ்சா?"

விஷயம் புரிந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "இந்தா பாரும்மா, நானும் தெனம் பக்கார்தான் பண்றேன். ஆனா எரிக்கிறது வேற, சுடுறது வேற. எரிச்சா தூக்கிப் போடணும். சுட்டா எடுத்துத் திங்கலாம். இனிமே 'சுட்டாச்சு'ன்னு சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிடியைச் சுடுவதுதான். கல்யாணத்தைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைக்கிறவரிடம் எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று ஒரு முறை யோசியுங்கள். அவ்வளவுதான் அதில் பாடம்.

இனி பாக்கியம் அக்காவிடம் வருகிறேன்.

செமோர் பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருந்தவர். தோட்டம் கைமாறி வீட்டு மனையானபோது அங்கேயே பக்கத்துத் தாமானில், புதுக் குடியிருப்பில், வீடு வாங்கிக்கொண்டார். அவரோடு கூடப் பிறந்த மூத்தவர் செல்லம்மா, லாரி ஓட்டும் கணவரோடு எங்கள் குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்து. பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவு பழக்கம். அன்று காலை இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். பாக்கியம் அக்கா நேரே என் மேசைக்கு வந்துவிட்டார். செல்லம்மா அக்கா வாசல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்து போகப் போகிறவர்போல நுனியில் உட்கார்ந்தார்.

"அவ வழி காட்ட வந்தா," என்றார் பாக்கியம் அக்கா. "தம்பி, இன்னிக்கு சாயந்தரம் என் கடைசிப் பொண்ணுக்கு நலங்கு. இதுல எங்கக்கா பாடுன நலங்குப் பாட்டு இருக்கு. நேத்துப் போட்டுப் பாத்தா 'டிஸ்க் இல்லை'ன்னு காட்டுது. கையில வச்சிருக்கேன், இல்லைங்குது லா!"

அப்போதுதான் நான் சந்தனத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவர் முகம், முதுகு என்று பதில் சொன்னார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சிரித்திருப்பீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சாமானைப் பார்க்கும் முன்னால் கதையைக் கேட்டுவிடுவது என் பழக்கம். கதை தெரியாமல் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

கதை இதுதான். அவர்கள் தோட்டத்தில் நலங்கு என்றால் மாப்பிள்ளையைக் கேலி செய்து ஒரு பாட்டு உண்டு. செல்லம்மா அக்காதான் எப்போதும் பாடுவார்.

"எங்க தோட்டத்து வழக்கம் தம்பி. பொண்ணு மாப்ளைக்கு அப்புறம்தான். மொத பொட்டு பாடுறவங்களுக்கு. பொட்டு வாங்கிட்டா எந்திரிக்கக் கூடாது. முன்னுக்கு ஒக்காந்து முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவணும்."

பாக்கியம் அக்காவின் மூத்த பெண் கல்யாணத்தில் செல்லம்மா அக்கா பாடியதைப் பாரிட் புந்தாரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பையன் கேசட்டில் பிடித்து, பிறகு சிடியாக்கிக் கொடுத்திருக்கிறான். அந்தக் கேசட்டில் பின்னால் யாரோ கால்பந்து வர்ணனையைப் பதிந்துவிட்டார்கள். அதற்கப்புறம் செல்லம்மா அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும் வரும். அடுத்து மகன் கல்யாணம் வந்தபோது உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துவிட்டார். நலங்கில் சிடியைப் போட்டிருக்கிறார்கள்.

"அன்னிக்கு மொத பொட்ட யாருக்கு வைக்கிறது? எங்கக்கா கொரலு இதுக்குள்ளதானே இருக்கு. அதான் இதுக்கு வச்சேன். அப்புறம் சாமி மேடையில ஒட்டி வச்சிட்டேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை எல்லாப் படத்துக்கும் வைக்கிறப்ப இத மட்டும் எப்படி லா விடுறது?"

வாசலிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. செல்லம்மா அக்கா பேசுகிறார். மின்விசிறியை நிறுத்தினால்தான் கேட்டது.

"சிடிதான் போவுதே. நான் எதுக்கு அங்க? சும்மா ஒக்காந்து வாயப் பாக்கவா?"

"கேட்டியா தம்பி? காலையிலேருந்து இதேதான். வர மாட்டாளாம். எம் பொண்ணு, பெரியம்மா பாட்டு இல்லாம மனையில ஒக்கார மாட்டேங்கிறா. பெரியம்மா, சிடி போதும்ங்கிறா. சிடி, நான் இல்லவே இல்லைங்குது. நான் யார்கிட்ட போயி முட்டிக்கிறது?"

எனக்கு வந்த வேலையில் பாதி சிடியில் இல்லை, வாசல் நாற்காலியில் இருக்கிறது என்று அப்போது லேசாகப் புரிந்தது. ஆனால் அந்தப் பாதிக்கு என்னிடம் கருவி ஏது? கையில் இருந்ததைப் பார்த்தேன்.

"வருமா, வராதா? ஒரு வார்த்த சொல்லு," என்றார் பாக்கியம் அக்கா.

இந்தக் கேள்வியை நீங்கள் தினமும் கேட்பீர்கள். வரும் என்று சொல்லாதீர்கள், வராது என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே அந்த நேரத்தில் பொய். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். "மொதல்ல சந்தனத்த எடுக்கணும்க்கா" என்றேன்.

"அம்புட்டுதானே? சரசு, தேங்கா நாரு இருந்தாக் கொண்டா. ஒரு தேய்ப்புத் தேய்ச்சிர்றேன்."

சிடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சரசு அவர் கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்து அந்தக் கையை வேறு வேலைக்கு ஆக்கினாள். ஆனால் இன்னொரு கை சும்மா இருந்தது. மேடைச் சுவரில் ஒட்டுவதற்காக சிடியின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் போட்டிருந்தார். அதில் ஒரு துண்டு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "இது வேற பிசுபிசுன்னு" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடித்து உரிக்கப் போனார்.

"அக்கா! விடுங்க!"

நான் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிக் கத்தியதில்லை. அக்கா தேநீரைச் சிந்திவிட்டார்.

"என்னா தம்பி நீ? மொகத்துல இம்புட்டு அப்பியிருக்கேன், அதுக்குக் கத்தல. முதுகுல ஒட்டுன டேப்ப தொட்டா கத்துற?"

"அக்கா, மொகம் நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. பளபளப்பா இருக்கிற பக்கம் தடிச்ச பிளாஸ்டிக். அது தாங்கும். பாட்டு இருக்கிறது முதுகுல. மேல ஒரு மெல்லிசான வெள்ளித் தாளு மாதிரி, அதுக்கு மேல கொஞ்சம் பெயின்ட். டேப்ப உரிச்சா தாளும் சேந்து வந்துரும். பாட்டும் அதோட போயிரும்."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நான் கும்பிட்டது பிளாஸ்டிக்கயா?" என்று மெதுவாகக் கேட்டார். வாசலில் காற்றுச் சிரிப்பு ஒன்று கேட்டது.

சிடியை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மேடையிலிருந்து பிய்த்தபோதே ஓரத்தில் வெள்ளி பெயர்ந்திருந்தது. ஊசி குத்தியதுபோல வெளிச்சம் வந்தது. ஆனால் பதற்றத்தில் மறந்துவிடக்கூடாத ஒன்று உண்டு. சிடியில் எழுத்து நடுவிலிருந்துதான் தொடங்கி வெளியே போகும். ஒரே ஒரு பாட்டு என்றால் அது நடு ஓட்டையைச் சுற்றித்தான் இருக்கும். சந்தனம் இல்லாத ஓர் இடுக்கில் சாய்த்துப் பார்த்தேன். எழுதிய பகுதி கொஞ்சம் கறுத்த வளையமாகத் தெரிந்தது. வளையம் முடிந்து வெகு தூரம் தள்ளித்தான் அந்த ஊசி ஓட்டை. பெயர்ந்த இடத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை.

எனவே டேப்பைத் தொடாமல் விட்டேன். அசிங்கமாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். நம் தொழிலில் கையை வைப்பதை எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். கையை எடுப்பதுதான் வருவதில்லை.

தண்ணீரில் ஊறவைக்கவும் முடியாது. பின்பக்கம் பெயர்ந்திருப்பதால் ஈரம் உள்ளே போய்விடும். சரசுதான் வழி சொன்னாள். காய்ச்சல்காரர் நெற்றியில் போடுவதுபோல நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைச் சந்தனத்தின் மேல் மட்டும் போட்டு வைத்தோம். தானாக இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

பாக்கியம் அக்காவால் காத்திருக்க முடியவில்லை. கைப்பேசி விடாமல் அடித்தது. பூ வந்துவிட்டதாம். வாழை மரம் வரவில்லையாம். "மாப்ள வீட்டுக்காரங்க வந்தா ஒக்கார வைங்க, தண்ணி குடுங்க, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொல்லுங்க" என்று ஒரு முறை சொன்னார். என்னைப் பார்த்து, "பொய்யா சொன்னேன்? துணி போட்டுப் படுக்க வச்சிருக்கோமே" என்றார்.

துணியை எடுத்தபோது சந்தனம் களிமண்போல வந்தது. நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று நேர்க்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் எழுத்து போகிற திசையிலேயே கீறல் விழும். குங்குமம் இருந்த இடங்களில் மஞ்சள் கறை போகவில்லை. கறையோடு நான் சண்டை போடவில்லை. சுத்தமாக இருப்பதற்காக யாரும் அதைக் கொண்டுவரவில்லை.

கருவியில் போட்டேன். சுற்றியது. இருமியது. தட்டு வெளியே வந்துவிட்டது.

"துப்பிட்டுச்சு!" என்றார் பாக்கியம் அக்கா.

இன்னொரு முறை. இன்னும் வேகமாகச் சுற்றி, இன்னும் வேகமாகத் துப்பியது. அக்கா எழுந்து நின்றுவிட்டார். செல்லம்மா அக்காவும் எழுந்துவிட்டார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை நுனியில் இல்லை.

மூன்றாவது முறையும் அதையே செய்யத்தான் கை போனது. பதற்றத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான், தோற்ற வேலையையே இன்னும் அழுத்திச் செய்வோம். கையை இழுத்துக்கொண்டேன். தவுக்கேயின் நினைவு வந்தது. அவரிடம் வாங்கிய முதல் கருவி மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில் கிடந்தது. ரொம்ப மெதுவானது என்று கழற்றி வைத்திருந்தேன். புதியது ஓடுகிற ஓட்டத்தில் கறை படிந்த இடங்களைத் தாண்டிப் போய்த் தடுக்கி விழுகிறது. பழையதற்கு ஓடத் தெரியாது. நடக்கத்தான் தெரியும்.

பழையதை மாட்டினேன். சிடியை உள்ளே தள்ளும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், "பெலான்-பெலான்லா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

துப்பவில்லை. மாவு மில் மாதிரி முனகிக்கொண்டே சுற்றியது. திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றே விட்டது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாமா என்று விரல் பரபரத்தது. விரலை மடக்கிக்கொண்டேன். பாக்கியம் அக்கா ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லம்மா அக்கா தன் தொண்டையில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். முனகல் மாறியது. கோடு நகர்ந்தது. முழுதும் வந்துவிட்டது.

போட்டுக் காட்டினேன். முதலில் கூட்டச் சத்தம், பாத்திரச் சத்தம், யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம். பிறகு அந்தக் குரல்.

பாலு வாளி தூக்கத் தெரியாத மாப்பிள்ளைக்குப்
பன்னீர் செம்பு எதுக்கடி...

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட குரல்! ரப்பர் மரத்துப் பால் வாளியைச் சுமந்துகொண்டே அடுத்த நிரையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. என் சின்ன ஸ்பீக்கர் அதிர்ந்தது. அடுத்த வீட்டுக்கார அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். தினமும் சந்து முனையில் தலையாட்டிவிட்டுப் போகிறவரின் குரலா இது என்று நான் திரும்பிப் பார்த்தேன். செல்லம்மா அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல் மேசையில் தாளம் போட்டது.

பாட்டின் நடுவில் குரல் திடீரென்று நின்றது. ஒரு கணம் அமைதி. சிடி போய்விட்டது என்று நான் பதறினேன். அதற்குள் இன்னொரு குரல், சுருதியே இல்லாத குரல், அடுத்த அடியை அவசரமாக எடுத்துக் கொடுத்தது. "மம்பட்டிப் புடிச்ச கையில..." கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரிய குரலும் சிரித்துக்கொண்டே அந்த அடியைப் பிடித்துக்கொண்டு மேலே போனது.

"ஐயோ, அது நான்!" பாக்கியம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "தம்பி, அந்தக் கழுதைக் கொரல மட்டும் வெட்டிரு. எங்கக்கா கொரலு மட்டும் சுத்தமா இருக்கட்டும்."

வெட்ட முடியும். இருமலை எடுக்கலாம், சிரிப்பை எடுக்கலாம், இடைவெளியை ஒட்டிவிடலாம். நன்றாகவே செய்திருப்பேன். உங்களிடம் இன்று இருக்கும் மென்பொருளோ ஒரு சொடுக்கில் செய்துவிடும். ஆனால் அது யாருடைய பாட்டோ அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. செல்லம்மா அக்காவைப் பார்த்தேன்.

அவர் தலையை அசைத்தார். "வேணாம்." காற்றுதான் வந்தது, ஆனால் மூன்று பேருக்கும் கேட்டது. "அவ எடுத்துக் குடுக்கலேன்னா நான் அங்கேயேதான் நின்னிருப்பேன்."

பாக்கியம் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி. அப்ப இன்னிக்கு சிடி மறந்து நின்னுருச்சுன்னா யாரு எடுத்துக் குடுப்பா?"

"சிடி மறக்காதுடி."

"மறக்காதா? நீதான் பாத்தியே லா! இப்பதானே ரெண்டு தடவ துப்புச்சு?"

இந்த முறை செல்லம்மா அக்கா 'வர மாட்டேன்' என்று சொல்லவில்லை. நான் வேலையில் மும்முரமாக இருப்பதுபோலத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா தங்கை பேச்சில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே பேசாமல் இருக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் சேர்த்திதான்.

பழைய கருவியிலேயே, மெதுவாகவே, புதிய சிடிகளைப் போட்டேன். நலங்குக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மணப்பெண்ணுக்கு ஒன்று. கம்ப்யூட்டரிலும் ஒன்றை வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் போட்டு, முதல் அடியும் அந்த மறந்த இடமும் கடைசிச் சிரிப்பும் வருகிறதா என்று கேட்டேன். "சுட்டாச்சுக்கா," என்றேன்.

வெளியே பாக்கியம் அக்காவின் மருமகன் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் சிடிகளை உறையில் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, பொறுமையாகச் சொன்னேன். "அக்கா, இந்தப் பக்கம் கை படக் கூடாது. இந்தப் பக்கம் டேப்பு படக் கூடாது. பொட்டு வைக்கணும்னா உறை மேல வைங்க. எம்புட்டு வேணும்னாலும் வைங்க. நான் கேக்க மாட்டேன்."

"அப்ப மொகம் எந்தப் பக்கம்தான் தம்பி?"

"ரெண்டும் இல்லக்கா" என்று ஏதோ சொன்னேன்.

அவர் கைப்பையைத் திறந்து, சாயந்தர நலங்குக்காக எடுத்து வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். என் கை தானாகவே அந்தப் பழைய சிடியின் மேல் போய் மூடிக்கொண்டது. செல்லம்மா அக்கா புதிய சிடி ஒன்றை எடுத்து, உறை மேலே தெரியும்படி இரண்டு கையாலும் தங்கைக்கு முன்னால் நீட்டினார். பாடுகிறவருக்கான முதல் பொட்டு எதற்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

பாக்கியம் அக்கா அந்த சிடியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். தன் அக்காவின் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் மெதுவாக உரித்து, என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டினார். பிறகு மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அந்த நெற்றியில் வைத்து, அதன் மேல் குங்குமத்தையும் வைத்தார்.